இப்ப வரும் பாரு

காரைக்கால்,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சிவா,

நீ அனுப்பிய பென் டிரைவ் வந்து சேர்ந்தது. தபால்காரர் மாமியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமி கவரை அமுக்கிப் பார்த்தபடியே மாடிக்கு வந்தார்.

"பெங்களூர்லேருந்து உனக்கு யாரு புள்ள பார்சல் அனுப்புறது? உள்ள பொத்தான் மாதிரி என்னமோ கெடக்கு."

சிவப்ரியா என்றேன்.

"குரும்பகரத்துப் பொண்ணா? கல்யாணத்துக்கு வந்து பிரியாணியில கறிய ஒதுக்கி வச்சிட்டு சோத்த மட்டும் தின்னுச்சே, அதா?"

அதேதான் என்றேன். இந்த வீட்டில் உன்னை இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். நஸ்ருதீன் மச்சான் ஷார்ஜாவில்தான், வீட்டில் அவர் உம்மா, இந்த மாமியும் நானும்தான். எங்கள் பிள்ளை சஃபியுல்லாவுக்குப் பத்து மாதம் ஆகிறது. கீழே இரண்டு பல், மேலே ஒன்று எட்டிப் பார்க்கிறது. போன அக்டோபரில் நீ பாட்டுகளைக் கோத்து அனுப்பிய மிக்ஸுக்கு நான் பதில் போடவில்லை. அதைப் பற்றி இப்போது வேண்டாம். ஆரம்பித்தால் இந்த மிக்ஸைப் பற்றி எழுதாமலே கடிதம் முடிந்துவிடும்.

நம் விதிப்படி காகிதத்தில் எழுதுகிறேன். வாயால் பேசினால் ஒருத்தி இன்னொருத்தி பக்கம் சாய்ந்துவிடுவோம், அதனால் முதலில் கேட்டது காகிதத்தில்தான் என்று புதுச்சேரி விடுதி மொட்டைமாடியில் வைத்த விதி. நாம் பாட்டு விமர்சனம் எழுதிய 'கடைசி சீட்டு' வலைப்பதிவு மூடிக் கிடந்தாலும் விதி இருக்கிறது, இல்லையா? உன் குறிப்பில் ஒரே வரிதான் இருந்தது: "இணைய வானொலியில் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். 28ஆம் தேதி அனுப்பணும். கேட்டுச் சொல்லு." மூன்று நாள் மத்தியானங்களில், சஃபி தூங்கும்போது, அவன் மூச்சோடு சேர்த்துத்தான் கேட்டேன். சொல்கிறேன்.

ஆரம்பம் அழகு. முதல் பாட்டின் பாஸை, அந்தக் கீழ் சத்தத்தை, முழுதாக இறக்கிய பிறகுதான் இரண்டாவதன் பாஸை ஏற்றியிருக்கிறாய். ஒரே அடுப்படியில் இரண்டு மாமியார் நிற்க முடியாது என்று நான் உன்னைத் திட்டியது வீண் போகவில்லை. ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தேடித் தேடிப் பார்த்தேன், தையல் தெரியவில்லை. தகரத்தைச் சுண்டுவது போல ஒரு தாளம் வருகிறதே, அது வந்ததும் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. சஃபி புரண்டு படுத்தான். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி கேட்டேன்.

அப்புறம் உனக்கு என்ன ஆயிற்று?

பாதியில் தாள அடி நின்றுவிடுகிறது. ஊ என்று கீழ் சுருதியில் ஒரே ஓசை. சரி, இழுத்துப் பிடித்து வைக்கிறாள், விடப்போகிறாள் என்று காத்திருந்தேன். விடவில்லை. எட்டு நிமிஷம், சிவா. மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோன வீடு மாதிரி. அப்புறம் எதுவுமே நடக்காதது போல அடி திரும்பி வருகிறது. புதிதாக என்னமோ செய்து காட்டுகிறேன் என்று ஆள் இல்லாத அறையைத் திறந்து காட்டுகிறவர்களை நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம். நீயுமா? அந்த இடத்தை வெட்டிவிடு. மற்றபடி நல்ல மிக்ஸ்.

நட்சத்திரம் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லை. ஊருக்கு வரும் பஸ்ஸில் மிக்ஸ் எந்த ஸ்டாப் வரை தாங்கியது என்றுதான் சொல்லுவோம். புதுச்சேரியில் ஏறினேன். சிதம்பரத்தில் இறங்கிவிட்டேன்.

கோபப்படாதே. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

சுஹைனா


பெங்களூரு,
8 ஆகஸ்ட்

சுஹை,

சிதம்பரம்.

நீ மற்றவர்களுக்குச் சிதம்பரம் போடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் நான். அது இப்படி வலிக்கும் என்று தெரிந்திருந்தால் பாதி பேருக்குச் சீர்காழி வரையாவது டிக்கெட் கொடுத்திருப்பேன்.

போன வருஷம் அனுப்பியதற்குப் பதில் இல்லை. பிள்ளை பிறந்த செய்திகூட எங்கள் அம்மா சொல்லித்தான் தெரியும். பெயரை இந்தக் கடிதத்தில்தான் பார்க்கிறேன். சரி, வீடு, பிள்ளை, வேலை, எனக்கும் புரியும். ஆனால் இத்தனை மாதம் கழித்து நீ எழுதுகிற முதல் கடிதத்தில் வெட்டு என்கிறாய். அதுவும் வேறு எந்த இடத்தையும் இல்லை, அந்த எட்டு நிமிஷத்தை.

அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. பாட்டுப் போடுகிறவள் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுத்தால் அது பாட்டு இல்லை, பிரசங்கம் என்று எழுதினவள் நீதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். மிச்சம் ஐம்பத்திரண்டு நிமிஷம் யாருக்காக வேண்டுமானாலும் இருக்கட்டும். இதை நான் உனக்காகச் செய்தேன்.

உனக்கு அந்தச் சவுக்குத் தோப்பு ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி ஆட்டம் எங்கே என்று சாயங்காலம்தான் மெசேஜ் வரும். வீட்டில் பிராக்டிகல் என்று சொல்லிவிட்டு வருவாய். நான் முதல் தடவை பாட்டுப் போட்ட நாள், ஜெனரேட்டர் திக்கித் திக்கி ஓடியது. நான் இரண்டு பாட்டையும் சேர்த்துக் குழப்பிவிட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். நீ ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து நோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என் காதில் எண்ணினாய். ஆறு, ஏழு, எட்டு, இப்ப விடு. விட்டேன். தோப்பே கத்தியது. அன்றைக்கு அந்த அடியைப் போட்டது நான் இல்லை, நீ.

அந்தக் காதுக்குத்தான் அனுப்பினேன். வந்திருக்கும் கடிதம் வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. நீ நிஜமாகவே கேட்டாயா? இல்லை, தூளி ஆட்டிக்கொண்டே ஓடவிட்டாயா?

வெட்டிவிடுகிறேன். வெட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, இரண்டு இடத்தில் கோடு போட்டு அழித்தால் முடிந்தது.

சிவா


காரைக்கால்,
13 ஆகஸ்ட்

சிவா,

தூளி ஆட்டவில்லை. எங்கள் வீட்டில் சஃபியைத் தூளியில் போடுவதே இல்லை. தூளியில் போட்டால் துணி மூடிக்கொள்ளும், மார்பு ஏறி இறங்குவது தெரியாது.

உனக்குச் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை. அவன் எட்டாவது மாதத்தில் பிறந்துவிட்டான். ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், கோழிக்குஞ்சு மாதிரி, மூக்கில் குழாயோடு. நெஞ்சில் ஒட்டிய வயர் ஒரு மெஷினுக்குப் போகும். அது 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். நான் ஒரு முட்டாள், அங்கே உட்கார்ந்துகொண்டு அது நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று கணக்குப் பார்த்தேன். உன் வேகமான பாட்டுகளைவிட வேகம். நின்றால் மெஷின் கத்தும். இரண்டு தடவை கத்தியது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னாள். "குறை மாசப் புள்ள அக்கா. தூக்கத்துல சில நேரம் மூச்சு விட மறந்துடும். பயப்படாதீங்க, உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுனா ஞாபகம் வந்துடும்." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் பழைய பென் டிரைவ் அந்த வாரம்தான் வந்தது. கவரைக்கூடப் பிரிக்கவில்லை, அலமாரியில் அவன் ஆஸ்பத்திரி வளையலோடு கிடக்கிறது. இப்போது டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார். எடை ஏறிவிட்டது, இனி ஓடி விளையாடுவான் என்கிறார். டாக்டருக்குச் சரியாகிவிட்டது. என் காதுக்கு இன்னும் ஆகவில்லை. குளிக்கும்போது குழாயைத் திறந்து திறந்து மூடுகிறேன், அந்தச் சத்தத்தில் அவன் சத்தம் போய்விடுமோ என்று.

அப்படி இருந்தும் உன் மிக்ஸைக் கேட்டேன். மூன்று நாள், வரிசையாக. நீ எழுதியதைப் படித்துவிட்டு

16 ஆகஸ்ட்

மேலே பாதியில் விட்டது சஃபி அழுததால் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காகிதத்தைக் கிழிக்கலாம் என்றிருந்தேன். நேற்று ஒன்று நடந்தது, அதனால் கிழிக்கவில்லை.

உன் மேல் இருந்த கோபத்தில் அந்த எட்டு நிமிஷத்தை மறுபடி போட்டேன். பாயில் சஃபி விளையாடிக்கொண்டிருந்தான். மாமி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் இயர்போனின் ஒரு முனை என் இடது காதில், மற்றது மடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் இழுத்து வாயில் வைத்துவிட்டான். மாமி பிடுங்கினார்.

"பல்லு மொளைக்கிற புள்ள முன்னாடி வயர ஆட்டிக்கிட்டு. இதுல அப்புடி என்னதான் கேக்குற, பாட்டா? பாட்டுன்னா ஒரு வாயாவது பாட வேணாமா?" என்று எச்சிலை முந்தானையில் துடைத்துக்கொண்டே அதைக் காதில் வைத்தார். வைத்தவர் என்னையே பார்த்தார்.

"ஏ சுஹைனா. இதுல நீயில்ல பேசுற?"

"நான் பக்கத்துலதானே ஒக்காந்திருக்கேன் மாமி."

"அதான் கேக்குறேன். நீ இஞ்ச வாய மூடிக்கிட்டு இருக்க, இதுல பேசுற. 'இப்ப வரும் பாரு'ங்கிற. என்னா வரும்?"

நான் அதை வாங்கி வலது காதில் வைத்தேன். இடதைக் கழற்றிவிட்டுத்தான்.

சிவா, அது பஸ். நம் காரைக்கால் பஸ், கடைசி சீட்டு. கண்டக்டரின் விசில், கடலூர்ப் பாலத்தில் தடதடவென்று ஏறுவது, யாரோ கடலைக்காரரைக் கூப்பிடுவது. அடியில் அதே மாதிரி ஊ. அதற்கு மேலே என் குரல். எனக்கு இருபது வயது. எப்போது பதிவு செய்தாய், திருடி? நான் சாப்பிட்டுக்கொண்டே பேசியிருக்கிறேன், வாயில் முறுக்கு இருப்பது தெரிகிறது.

அப்போதுதான் உறைத்தது. சஃபியோடு இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் எதையுமே இரண்டு காதால் கேட்டதில்லை. வலது காது அவனுக்கு. பத்து மாதமாக இப்படியே இருந்ததில் அது எனக்கே மறந்துவிட்டது. உன் மிக்ஸின் பாதியைக் கேட்டுவிட்டு உனக்குச் சிதம்பரம் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் தோன்றியது. பஸ்ஸில் நமக்கு ஒரே இயர்போன். ஜன்னல் பக்கம் நான், இடது எனக்கு, வலது உனக்கு. வீட்டுக்குப் போனதும் நீ கேட்டதை நீயும் நான் கேட்டதை நானும் எழுதிச் சேர்த்து ஒரு விமர்சனம் ஆக்கினோம். அந்த மூன்று வருஷமும் நாம் இரண்டு பேரும் எதையும் முழுதாகக் கேட்கவே இல்லை, பார்த்தாயா. உலகத்துக்கே மார்க் போட்டோம்.

இப்போது இடது தனியாக ஒரு தடவை, வலது தனியாக ஒரு தடவை கேட்டுவிட்டேன். முழுதும் கேட்டாயிற்று. புரிந்துவிட்டது. வலதில் நான் 'இப்ப வரும் பாரு, இப்ப' என்கிறேன். நீ எனக்குக் கொடுத்த வேலை அதுதானே, அடி எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லுவது. ஆனால் இதில் ஒன்றுமே வருவதில்லை. சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன், பஸ் மட்டும் போகிறது. நீ சொல்ல வந்தது அதுதானா? வரும் வரும் என்று இருந்தோம், ஒன்றும் வரவில்லை என்று? எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் வெட்டாதே. கஷ்டமாக இருந்தாலும் இருக்கட்டும்.

சுஹைனா


பெங்களூரு,
21 ஆகஸ்ட்

சுஹை,

உன் கடிதத்தை ஆபீஸ் வாசலில் நின்று படித்தேன். உள்ளே போகாமல் திரும்பி அறைக்கு வந்துவிட்டேன். தூளி என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்கள் அம்மாவும் "சின்னதா பொறந்திருக்குதாம்" என்று மட்டும்தான் சொன்னாள். எல்லாப் பிள்ளையும் சின்னதாகத்தானே பிறக்கும் என்று விட்டுவிட்டேன். உள்ளங்காலில் சுண்டுவதை நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீ அங்கே ஒருத்தியாக ஒரு பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாய், நான் இங்கே நீ பதில் போடவில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமிக்கு என் சலாம். அவர் காது நல்ல காது.

ஆனால் ஒன்று. உன்னிடம் பொய் சொல்ல எனக்கும் வராது. நீ இன்னும் கேட்கவில்லை.

விளக்கக்கூடாதுதான். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டு நீ கஷ்டப்படுவதற்கு விளக்குவதே மேல். 'ஒன்றும் வரவில்லை' என்று நான் சொல்லவில்லை. வரும். இடதில் ஒரு ஊ இருக்கிறது, வலதில் ஒரு ஊ இருக்கிறது, இரண்டும் ஒன்றேபோல. நீ 'இப்ப' என்று சொன்னதும் வலதை மட்டும் ஒரு மயிரிழை ஏற்றியிருக்கிறேன். தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் கேட்டால், ஒட்டாத இரண்டு சுருதியும் உரசி, தலைக்குள் ஒரு அடி எழும்பும். அந்த அடி நான் அனுப்பிய ஃபைலில் இல்லை. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை. கேட்கிறவள் தலைக்குள்தான் உண்டு. மெல்லத் துடிக்கும். நம் தோப்பில் ஓடிய அதே வேகத்துக்கு அதைக் கொண்டுவரத்தான் எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

பஸ்ஸில் நம் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருந்ததோ அதைச் செய்ய நினைத்தேன். அதை உன் காதிலும் கேட்டிருக்க முடியாது, என் காதிலும் கேட்டிருக்க முடியாது.

போன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்காதே. இவ்வளவு கீழ் சத்தம் அதில் வராது.

இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வானொலி கேட்கிற பாதிப் பேர் வேலை செய்துகொண்டு ஒரு காதில்தான் கேட்பார்கள். அவர்களுக்கு உன்னைப் போலவே எட்டு நிமிஷம் காலி வீடு. இது நன்றாக இருக்கிறதா, இல்லை நான் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து மயங்கிக்கொண்டிருக்கிறேனா? வெட்டாதே என்று நீ எழுதியிருக்கிறாய். அது என் மேல் இரக்கப்பட்டு. எனக்கு உன் இரக்கம் வேண்டாம், காது வேண்டும்.

அதே நேரம், அந்த வலது காதை அவனிடமிருந்து எடு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கவும் மாட்டேன். வெட்டிய மிக்ஸ் ஒன்றும் தயாராக இருக்கிறது. உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் புதன்கிழமை சாயங்காலம் அதை அனுப்பிவிடுவேன். கோபத்தில் இல்லை. நீ கேட்காத ஒன்றை உனக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குப் போட்டுக் காட்ட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சஃபிக்கு முத்தம். உள்ளங்காலில்.

சிவா


காரைக்கால்,
29 ஆகஸ்ட், வியாழன்

அன்புள்ள சிவா,

நேற்று போனில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். விதியை உடைத்தது நான். மிச்சத்தை விதிப்படி எழுதுகிறேன்.

உன் கடிதம் திங்கள்கிழமை வந்தது. அன்றைக்கே கேட்டுவிடலாம் என்று சஃபியைக் கீழே மாமியிடம் விட்டுவிட்டு மேலே வந்தேன். இடதை வைத்தேன். வலதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைத்தேன். உடனே அவன் அழுகிற மாதிரி இருந்தது. பிடுங்கிவிட்டுக் கீழே ஓடினேன். அவன் மாமியின் பூட்டுச் சாவியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். செவ்வாய்க்கிழமையும் இதே கதை. ஓடுவேன், பார்ப்பேன், ஏறுவேன். இரண்டு காதும் அடைபடுகிற அந்த நொடி எனக்குத் தண்ணீருக்குள் தலையை அமுக்குகிற மாதிரி இருந்தது. பாட்டே கேட்கவில்லை, அந்த ஆஸ்பத்திரி மெஷின்தான் கேட்டது.

நேற்று புதன். மத்தியானம் மூன்றாவது தடவை நான் படி இறங்கியதும் மாமிக்குப் பொறுக்கவில்லை.

"என்னா புள்ள, கல்லாவுல காசு இருக்கான்னு பாக்குற மாதிரி வந்து வந்து பாக்குற?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன், நீ செய்தது, இரண்டு காது, சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது. அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. பூட்டுச் சாவியைச் சஃபியின் வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நாலு பெத்தவ நான். மூச்சு விடுறதுக்கு இவனுக்கு ஆள் வேணும்னா நான் விட வைக்கிறேன். நீ இஞ்ச இருந்தா எறங்கி எறங்கி வந்துக்கிட்டேதான் இருப்ப. நான் இவனத் தூக்கிக்கிட்டு எதுத்தாப்ல அமீர் நிஷா வூட்டுக்குப் போறேன். ஓடி வரணும்னா தெருவத் தாண்டி ஓடி வா, வெக்கமாவது இருக்கும்."

"பால் குடிச்சு..."

"குடிச்சிட்டான்."

"தொப்பி..."

"இந்த வெயில்லயா? போ புள்ள."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்க ஒன்றுமே இல்லாத வீடு. பிள்ளை பிறந்த பிறகு அப்படி ஒரு வீட்டில் நான் இருந்ததே இல்லை. மாடிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இடதை வைத்தேன். பிஸ்மி சொல்லி வலதையும் வைத்தேன்.

முதலிலிருந்து கேட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றேதான் ஓடுகிறது என்றாலும் வேறு மாதிரி இருந்தது, ஒரு கையால் கட்டிக்கொள்வதற்கும் இரண்டு கையால் கட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம். அடி நின்றது. ஊ வந்தது. இந்தத் தடவை அது காதில் இல்லை, நெற்றிக்குப் பின்னால், நடுவில் நின்றது. வலது பக்கம் கண்டக்டர் விசில் ஊதினார். இடது பக்கம் ஜன்னல் இருக்கிற மாதிரியே ஒரு காற்று. பாலம். கடலை. எதிரில் போகிற லாரி. உன் தோள் என் தோளில் இடிக்கிறது என்று நினைத்து நான் நகர்ந்துகூட உட்கார்ந்தேன். சீர்காழி பக்கம் வரும்போது நீ எப்போதும் தூங்கிவிடுவாய், உன் காதிலிருந்து அது நழுவி விழும், நான் எடுத்து மறுபடி வைப்பேன். நீ தூக்கத்திலேயே 'சொல்லு' என்பாய். எல்லாம் அந்த எட்டு நிமிஷத்துக்குள் இருந்தது. நீ போட்டதா, நானே போட்டுக்கொண்டதா, தெரியவில்லை.

பாதியில் பயமும் வந்தது. மறைக்கவில்லை. இப்போது அவன் மறந்துவிட்டால் என்று. கை காது வரை போயிற்று. அந்த நேரத்தில்தான் முறுக்குத் தின்கிற அந்தப் பெண், எதற்குமே பயப்படாதவள், என் வலது காதில் சொன்னாள்: இப்ப வரும் பாரு. இப்ப.

வந்தது.

யாரும் அடிக்காத அடி. முதலில் சந்தேகமாக, தூரத்தில் துணி துவைக்கிற மாதிரி. அப்புறம் சந்தேகமே இல்லாமல். கை தானாகக் கீழே வந்துவிட்டது. ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணினேன். அது என் எண்ணிக்கைக்குச் சரியாக நின்று திரும்பியது. நான் ஆடினேன், சிவா. சத்தியமாக. பெரிய பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், பட்டப்பகலில், வெள்ளை உறை போட்ட மெத்தைக்கும் மருந்து ஸ்டாண்டுக்கும் நடுவில், முகத்தில் தண்ணீர் வழிய.

கடைசி நிமிஷம் வரை கழற்றவில்லை.

கழற்றியதும் ஓடினேன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். செருப்புக்கூடப் போடவில்லை. அமீர் நிஷா வீட்டுக் கூடத்தில் டி.வி. நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. மாமி சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மடியில் சஃபி. அவனும் வாயைத் திறந்தபடி. இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்காத அந்த ஒரு மணி நேரமும் அவன் விட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான், பக்கத்தில் ஒருத்தியும் முழித்திருக்காமலே. அவன் உள்ளங்காலைச் சுண்டக் குனிந்தேன். சுண்டவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து உனக்குப் போன் போட்டேன்.

"வெட்டாதே" என்றேன். அப்புறம் நீ முழு மிக்ஸை அனுப்பக் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால் விதியைப் பாதிதான் உடைத்தோம் என்று வைத்துக்கொள்.

இது இரக்கத்தில் எழுதியது இல்லை. குறையும் இருக்கிறது: அந்த எட்டு நிமிஷம் முடிந்து நிஜ அடி உள்ளே வருகிற இடத்தில் அவசரப்பட்டுவிட்டாய், இன்னும் நாலு எண்ணிக்கை விட்டிருக்கலாம். ஒரு காதில் கேட்கிறவர்களுக்கு அந்த இடம் காலி வீடாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உன் பழைய கவரை இன்று பிரித்துவிட்டேன். அதற்கு ஒரு வாரம் அவகாசம் கொடு. தினமும் மத்தியானம் மாமி இவனை அமீர் நிஷா வீட்டுக்குத் தூக்கிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். "நாடகம் அங்க பெரிய டி.வி.யில வருது" என்பது காரணம்.

தீபாவளிக்குக் குரும்பகரம் வருவாய் என்று தெரியும். இங்கேயும் வா, கறி இல்லாமல் சமைக்கிறேன். புது ஹெட்போன் எதுவும் கொண்டு வராதே. என்னிடம் இந்த ஒரு இயர்போன் இருக்கிறது, வலதுபக்கம் சஃபியின் பல் பதிந்திருக்கிறது, ஆனால் கேட்கிறது. அது உனக்கு.

மதிப்பீடு: புதுச்சேரியில் ஏறினேன். இறங்க மறந்துவிட்டேன்.

சுஹைனா